சுவரில் மாட்டிய அப்பா

அந்தக் கேமராவை இளவழகன் வாங்கி அனுப்பியது நெல்லைப் பார்ப்பதற்குத்தான். பிள்ளையைப் பார்ப்பதற்கு அல்ல. குறுவை அறுப்பு முடிந்திருந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் கையை விரித்துவிட்டதால், நெல் வீட்டு வாசலிலேயே அம்பாரமாகக் கிடந்தது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, புதாற்றுப் பாசனத்தில் இருக்கும் அந்த ஊரில் நெல் திருடுகிறவர்கள் உண்டோ இல்லையோ, சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஊர் முழுக்கத் திருடனாகத்தான் தெரியும்.

கேமரா உள்ளங்கை அகலம்தான். தலையைத் திருப்பும், இருட்டில் பார்க்கும், வாயும் உண்டு. மாட்டிய அன்றைக்கே நடவு ஆள் மங்களாம்பிகையின் ஆடு அம்பாரத்தில் வாய் வைத்தது. "ஏய், ஆட்டைப் புடி!" என்று சுவர் கத்தியதில், சாணிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு அவள் தெருமுனை வரை ஓடினாள். விஷயம் தெரிந்து திரும்பி வந்தவள், கேமராவுக்கு நேராக நின்று, "ஊருல இருந்தப்ப ஒரு நாளு வெள்ளாட்டை வெரட்டுனது இல்ல. சம்பளம் வாங்கப் போன எடத்துலேந்து வெரட்டுறாரு" என்றாள்.

சிங்கப்பூரில் இளவழகன் கப்பல் கட்டும் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். மேலேயிருந்து எதுவும் யார் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்வது உத்தியோகம். மஞ்சள் தொப்பியோடு, கைகளை மார்பில் கட்டி, அடிவானத்தைப் பார்க்கும் படம்தான் அவனுடைய வாட்ஸப் முகம். நெல் விற்ற மாதத்தில் அவன் இணையத்தில் ஒரு வகுப்புக்குப் போனான். 'குழந்தைகளும் திரையும்' என்பது வகுப்பின் பெயர். முடிந்ததும் தங்க ஓரம் போட்ட சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்த வாரமே, வெளிநாட்டில் இருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து அப்பன்மாரைத் திரட்டி 'திரைக்காவல் தந்தையர்' என்று ஒரு குழுவைத் தொடங்கினான். காலையில் கண் விழித்ததும் குழுவினர் தங்களைத் தாங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பார்ப்பது வயதுக்கு ஏற்றதா? தரமானதா? கூட ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்க்கிறாரா?

மூன்றும் நல்ல கேள்விகள். குற்றம் சொல்ல ஏதுமில்லை. மூன்றாவது கேள்விக்கு அவன் கண்டுபிடித்த பதிலில்தான் கோளாறு.

"கயலு, வாசல்ல இருக்குற கேமராவைக் கழட்டிக் கூடத்துல மாட்டச் சொல்லு ராம்கிகிட்ட. டிவிக்கு எதுத்தாப்ல, கடிகாரத்துக்கு மேல."

"கூடத்துல என்னங்க இருக்கு திருடிட்டுப் போவ?" என்றாள் கயல்விழி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்து, வீடியோ அழைப்பை எடுத்திருந்தாள்.

"இசைவாணி என்னா பாக்குறான்னு நான் பாக்கணும்."

"சாப்புடுற நேரம் அந்தக் கரடிப் படம் பாக்குறா. வேற என்னத்தப் பாக்கப் போறா?"

"அந்தக் கரடி சுத்தியல எடுத்து நரி மண்டையில அடிக்குதுடி. நாலு வயசுப் புள்ள மனசுல அதுதான் பதியும். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. இனிமே யானைப் படம், மீன் படம், கலர் சொல்லிக்குடுக்குற படம். அவ்வளவுதான். பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும்."

"தாளடி நடவு தலைக்கு மேல கெடக்கு. நான் எங்கேந்து பக்கத்துல இருக்குறது?"

"நான் இருப்பேன்" என்றான் இளவழகன்.

அப்படித்தான் அவன் கடிகாரத்துக்கு மேலே வந்து சேர்ந்தான். சாதாரணமாக ஒரு மனிதன் செத்த பிறகுதான் அந்த உயரத்தில் மாட்டுவார்கள்.

அவனுடைய தம்பி ராம்கிதான் ஆணி அடித்து மாட்டினான். மூத்தவன் பிறந்தபோது அப்பா கட்சியில் இருந்தார், இளையவன் பிறந்தபோது சினிமாக் கொட்டகையில் இருந்தார். பெயர்களில் அது தெரியும். ராம்கிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வாங்கிக்கொடுத்த டிராக்டரை ஓட்டிக்கொண்டு, அண்ணி போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, யாரையும் ஒரு சொல் சொல்லாமல் இருந்தவன். சேற்றுழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டி வயலில் இறங்கினால் அதில் நண்டும் தவளையும் நசுங்கும்; பின்னாலேயே கொக்குகள் வந்து, அறுந்தும் அறாமலும் துடிப்பதைக் கொத்தி விழுங்கும். இசைவாணி வரப்பில் நின்று அதைப் பார்த்துக் கைதட்டுவாள். கேமரா அவ்வளவு தூரம் எட்டாது என்பதால், கொக்குகளுக்கு வயது வரம்பு விதிக்கப்படவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் நடவு நடந்தது. ஆள் கிடைப்பதே அரிதாகி, மங்களாம்பிகை தலைமையில் ஒரு கூட்டம் கெஞ்சலுக்கு இரங்கி வந்திருந்தது. முதுகில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழை அடிக்க அடிக்க நட்டுக்கொண்டிருந்தார்கள். கயல்விழி நாற்றுமுடி வீசிப் போட்டுவிட்டு, மதியச் சோறு எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தாள். கூடத்தில் யானைப் படம் முடிந்து, அடுத்த படம் தானாக வந்திருந்தது. கரடி சுத்தியலை ஓங்கியிருந்தது. இசைவாணி பாயில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து டிராக்டர் சாமானுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"எங்கடி போன?" என்றது சுவர்.

"வயல்லேந்து வர்றேங்க. ஆளுங்களுக்குச் சோறு எடுக்கணும்."

"டிவில என்னா ஓடுதுன்னு பாரு."

"அதுவா வந்துருக்கும். நிறுத்திடுறேன்."

"புள்ளைய விட உனக்கு நடவு ஆளு முக்கியம், அப்படித்தான?"

"நேரத்துக்குச் சோறு போவலைன்னா நாளைக்கு வேற வயலுக்குப் போயிடுவாங்க. நாத்து முத்திக்கிட்டு நிக்குது. நீங்களா வந்து நடப்போறீங்க?"

இளவழகன் கப்பல் தளத்தில் எதிர்த்துப் பேசுகிறவனுக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுப்பான். இங்கே சீட்டு நீட்ட அந்தப் பெட்டிக்குக் கை இல்லை.

"ராம்கி."

"சொல்லுங்கண்ணே."

"அவளுக்கு ஒரு அறை விடு."

ராம்கி சிரித்தான். அண்ணன் விளையாடுகிறான் என்று நினைத்தான்.

"சிரிக்கிறியா? டிராக்டர் சாவிய எடுத்து டிவி மேல வையி. நாளைக்கி வேற ஆளு வந்து ஓட்டிட்டுப் போவான். நீ மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கூலிக்குப் போ."

"அண்ணே, அண்ணிண்ணே..."

"விடுடா!"

ராம்கி எழுந்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். அண்ணியின் கன்னத்தில் கிரீஸ் ஒட்டக்கூடாது என்ற மரியாதை. பிறகு அடித்தான். வாழ்நாளில் மனிதர் யாரையும் அடித்துப் பழக்கமில்லாததால் அளவு தெரியவில்லை. கயல்விழி சுழன்று, நிலைப்படியில் காது மோத விழுந்தாள். கையிலிருந்த தூக்குவாளி உருண்டு போய்ப் பிள்ளையின் பாயருகே நின்றது.

இசைவாணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கயல்விழிக்குக் காதுக்குள் இரைந்தது. பிள்ளை பயந்துவிடுமே என்ற ஒரே நினைப்பில், பல்லைக் கடித்து எழுந்து சிரித்தாள்.

"ஒன்னுமில்லடா தங்கம். சித்தப்பாவும் அம்மாவும் வெளையாண்டோம்."

"சரி, யானைப் படத்தப் போடு" என்றது சுவர். "புள்ள மனசு கெட்டுப்போயிடும்."

சோற்றுவாளியோடு அவள் வயலுக்குப் போனபோது மங்களாம்பிகை கரையேறி வந்து வாங்கினாள்.

"என்னா தங்கச்சி, கன்னம் செவந்து கெடக்கு?"

"கதவு இடிச்சிருச்சுக்கா."

"உங்க வீட்டுக் கதவுக்கு வெரலுகூட இருக்காக்கும்" என்றாள் மங்களாம்பிகை. மேற்கொண்டு கேட்காமல் கத்தரிக்காய்க் குழம்பில் கருவாடு கிடக்கிறதா என்று துழாவினாள்.

ஒருமுறை கை பழகிவிட்டால் அப்புறம் அளவும் பழகிவிடும். பிள்ளை டிவிக்குக் கிட்டத்தில் உட்கார்ந்தது என்று ஒருநாள். விளம்பரத்தில் ஒரு பெண் இடுப்பை ஆட்டினாள் என்று ஒருநாள். சோறு ஊட்டும்போது போனைக் கொடுத்தாள் என்று ஒருநாள். கேமரா ஒயரைப் பிடுங்கிப் போட்டாள் என்று ஒருநாள். அன்றைக்கு உத்தரவு போனில் வந்து, ராம்கி விறகுக் கட்டையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் உத்தரவு வந்ததும் எழுந்து, கையைத் துடைத்து, அடித்து முடித்து, "மன்னிச்சுக்கங்கண்ணி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு உட்காருவான். ஒவ்வொரு முறையும் கயல்விழி சிரித்துக்கொண்டே எழுந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் பிள்ளைக்குக் காட்டவில்லை. மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் போருக்குள் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வருவாள். பிள்ளை எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதில் அவளும் தன் பங்குக்குக் கவனமாகத்தான் இருந்தாள்.

பூதலூரில் இருக்கும் அவளுடைய அப்பா கோவிந்தராசுவிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். அவர் பஞ்சாயத்துப் பேசிப் பெயர் வாங்கியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமித் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்புள உன் மேல கை வச்சாராம்மா?"

"அவரு சிங்கப்பூர்ல இருக்காருப்பா."

"அதத்தான் கேக்குறேன். கை வைக்கல்ல? கண்டிச்சிருக்காரு. புள்ள நல்லா வரணும்னு அம்மாந்தூரத்துல இருந்து அக்கறையா பாக்குறாரு. உங்க அம்மாவ நான் பக்கத்துல இருந்தும் பாத்ததில்ல."

கடைசி வாக்கியத்தை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் பால்வாடியிலிருந்து ஆள் வந்தது. கயல்விழி போனபோது, ஒரு பெண்குழந்தை புருவம் கிழிந்து, முகமெல்லாம் ரத்தமாக, ஆயாவின் மடியில் கத்திக்கொண்டிருந்தது. பிரகதீஸ்வரி என்று பெயர். சேரன் என்ற பையன் எவர்சில்வர் டம்ளரோடு மூலையில் நின்றான். டம்ளர் விளிம்பில் ரத்தம். இசைவாணி மட்டும் டீச்சருடைய நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பாத்திமா கயல்விழியைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு யாரையும் அடிக்க மாட்டேங்குது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"புரியலைங்க டீச்சர்."

"நாற்காலில ஏறி உக்காந்துக்குது. சேரன் கொஞ்சம் முரடு, சொன்னா செய்வான். அவனைக் கூப்புட்டு, 'அவளுக்கு ஒன்னு விடு'ங்குது. அவன் மாட்டேன்னா, 'ஒன் வண்டிய புடுங்கிருவேன்'னு அவனோட பொம்மை வண்டிய எடுத்து வச்சுக்குது. அவன் அடிச்சதும், மத்த புள்ளைங்களப் பாத்து, 'ஒன்னுமில்ல, எல்லாரும் யானைப் பாட்டுப் பாடுங்க'ன்னு சொல்லுது. இருபது வருஷமா புள்ளைங்களப் பாக்குறேன். கடிக்கிறது, கிள்ளுறது எல்லாம் உண்டு. இது எந்தக் கார்ட்டூன்ல வருதுன்னு எனக்குத் தெரியல. வீட்டுல என்னதாங்க பாக்குது?"

கயல்விழி கொல்லையில் முருங்கைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் உடம்பில் விழுந்ததெல்லாம் தன்னோடு போகும் என்று நினைத்திருந்தாள். அது போய்ச் சேர்ந்த இடம், புருவத்திலிருந்து ரத்தம் ஒழுக உள்ளே அழுதுகொண்டிருந்தது.

"பிரகதீஸ்வரியோட அப்பா கம்ப எடுத்துக்கிட்டு வர்றேன்னு நிக்கிறாரு. நான் பேசிக்கிறேன். ஆனா இன்னொரு தடவை நடந்தா, இவளச் சேத்துக்க முடியாதுங்க. இந்த வயசுல திருத்தலைன்னா அப்புறம் நாம யாரும் திருத்த முடியாது."

அன்று மாலை சுவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "அவ உங்களத்தான் பாத்துப் பழகுறா. நீங்க பேசுறத அப்படியே பேசுறா. இந்தக் கேமராவைக் கழட்டிடலாங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

இளவழகன் நெடுநேரம் யோசித்தான். பிறகு வருத்தமும் வெற்றியும் கலந்த குரலில், "நான் அன்னைக்கே சொன்னேன். அந்தக் கரடி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை திரைக்காவல் தந்தையர் கூட்டம் நேரலையில் நடப்பதாக இருந்தது. தலைப்பு, 'என் இல்லமே முன்மாதிரி'. பேசுபவன் இளவழகன். பேச்சின் நடுவில் கேமராவைத் திறந்து, தன் வீட்டுக் கூடத்தை எல்லா அப்பன்மாருக்கும் காட்டுவான். சுவரிலிருந்து மகளைக் கேள்வி கேட்பான். அவள் யானையின் குணங்களைச் சொல்வாள். நாலு மணிக்குக் கயல்விழி பட்டுப்புடவையில் பாயருகே உட்கார்ந்திருக்க வேண்டும், ராம்கி முழுக்கைச் சட்டை போட வேண்டும்.

முதல் நாளிலிருந்தே மழை நிற்கவில்லை. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிரேறி வயலுக்குள் வந்தது. கடைசியாக நட்டு, வேர் பிடிக்காத பயிர் முழுகிவிட்டது. மதியம் முழுக்கக் கயல்விழி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தாமரையை அறுத்து இழுத்துப் போட்டு, வரப்பை வெட்டிவிட்டாள். "போதும், கெளம்பு. உங்க வீட்டு அய்யனாரு சுவத்துல வந்து எறங்கிருப்பாரு" என்று மங்களாம்பிகைதான் விரட்டினாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலில் அட்டை கடித்த ரத்தம் ஒழுக, கயல்விழி வீட்டுக்குள் நுழைந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் கொசுவம் வைத்த கவுனோடு இசைவாணி உட்கார்ந்திருந்தாள். ராம்கி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். சுவர் கனிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"...ஆக நண்பர்களே, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதுவாகவே ஆகிறது. இப்போது என் மகளிடமே கேட்போம். இசைவாணி கண்ணு, யானை எப்படிப்பட்ட விலங்கு?"

இசைவாணி வாசற்படியில் சேறு சொட்ட நின்ற அம்மாவைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"எங்கடி போன?"

அப்பனுடைய குரல் அச்சாக வந்தது. சுவர், "ஹெஹெ, குழந்தை விளையாடுது" என்றது.

"சித்தப்பா. அவளுக்கு ஒன்னு விடுங்க."

உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வழக்கம் ராம்கிக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. காதில் விழுந்ததும் எழுந்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான். ஓங்கினான்.

கயல்விழி அடிக்க நினைக்கவில்லை. தோளில் இருந்த மண்வெட்டி தானாகச் சுழன்று வந்தது போலத்தான் இருந்தது. காம்பு அவன் முன்கையில் இறங்கி, பச்சைக் கழி முறிவது போல ஒரு சத்தம் வந்தது. சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று உட்கார்ந்திருந்த அத்தனை அப்பன்மாருக்கும் அது தெளிவாகக் கேட்டது. அவன் குனிந்தான். மறுபடி தோளில் போட்டாள். இந்த முறை மண்வெட்டித் தகட்டின் முனை பட்டு, முழுக்கைச் சட்டை கிழிந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. சுவரில் சாய்ந்து அவன் கீழே சரிந்தான். அவள் மூன்றாவதுக்கு ஓங்கினாள். இந்த முறை தலைக்கு.

"இன்னொன்னு விடும்மா!" என்றாள் இசைவாணி, கைதட்டிக்கொண்டு.

மண்வெட்டி மேலேயே நின்றது.

"கயலு! பைத்தியமாடி புடிச்சிருக்கு! எல்லாரும் பாத்துகிட்டு இருக்காங்க!" என்றது சுவர்.

"பாக்கட்டும்" என்றாள் கயல்விழி. மூச்சு வாங்கியது. "இதுக்குத்தான காட்டுறீங்க? இனிமே அடிக்கணும்னா பிளேன் ஏறி வாங்க. ஒங்க கையாலயே அடிங்க. நான் திருப்பி அடிக்கத் தோதா இருக்கும்."

ஓங்கிய மண்வெட்டியைக் கடிகாரத்துக்கு மேலே கொண்டுபோய் இறக்கினாள். காரை பெயர்ந்து, கடிகாரமும் கேமராவும் சேர்ந்து விழுந்தன. கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைதட்டும் பொம்மைப்படம் அனுப்பி, பிறகு அழித்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. மற்றவர்கள் இணைப்புச் சரியில்லை என்று சொல்லி ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

கூடத்தில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. இசைவாணி நாற்காலியில் இருந்தபடி சித்தப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடி வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள். அவள் கண்டது அதுதான். சித்தப்பன் எழுந்திருக்கவில்லை. தொங்கிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, "அய்யோ அம்மா... அய்யோ அண்ணி..." என்று மூக்கொழுக அழ ஆரம்பித்தான். வளர்ந்த ஆம்பளை மாடு மாதிரி கத்தினான். எச்சில் வழிந்தது.

கயல்விழி அவனருகே உட்கார்ந்து, முந்தானையைக் கிழித்துத் தோளில் வைத்து அழுத்தினாள். துணி சிவந்து, அவள் விரலிடுக்கில் வழிந்தது. பிள்ளையை உள்ளே கூட்டிப் போகவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

"கைய ஆட்டாத ராம்கி. எலும்பு விட்டிருக்கு. பல்லக் கடிச்சுக்க."

"தப்புண்ணி... தப்புத்தான் அண்ணி..."

"அப்பறம் பேசிக்கலாம். பரீத் பாய் ஆட்டோவக் கூப்புடுறேன்."

இசைவாணி நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஓரடி எடுத்து வைத்தாள். தரையில் ஓடிய ரத்தம் காலில் பட்டதும் நின்றாள். சித்தப்பனின் கோணிப்போன வாயையே பார்த்தாள்.

"சித்தப்பா, வலிக்குதா?"

அவன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

இசைவாணி மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். குரல் அவளுடையதாகவே இருந்தது. நாலு வயதுக் குரல்.

"ஒனக்கும் வலிச்சுதாம்மா?"

கயல்விழிக்குப் பழக்கத்தில் சிரிப்பு வந்தது. அதை உதட்டிலேயே நிறுத்தினாள்.

"வலிச்சுதுடா. ரொம்ப வலிச்சுது."

"எங்க?"

கயல்விழி ஒரு கையால் ராம்கியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஈரமுடியை விலக்கி, காதுக்குப் பின்னால் காட்டினாள்.